சீசன் கூட்டமும் பற்று வரவுக் கூட்டமும்: மகளிர் விளையாட்டைப் பார்க்க வருகிறவர்கள் பற்றி ஒரு கணக்கு

மலர்க் குழு நண்பர்கள் இந்த ஆண்டும் கட்டுரை வேண்டுமென்று கடைக்கே வந்து கேட்டார்கள். வழக்கம்போலக் கழுகுமலையைப் பற்றியோ சித்தன்னவாசலைப் பற்றியோ எழுதித் தந்துவிடுவேன் என்று நினைத்திருப்பார்கள். இம்முறை விஷயம் வேறு. பெண்கள் ஆடும் ஆட்டத்தைப் பார்க்க ஜனங்கள் வருகிறார்களா, வந்தால் ஏன் வருகிறார்கள், வராவிட்டால் ஏன் வரவில்லை என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள். விளையாட்டைப் பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்கக்கூடும். மட்டையை ஒழுங்காகப் பிடிக்கக்கூட எனக்குத் தெரியாது. ஆனால் நாற்பது வருஷமாக வண்டிப்பெரியாரில் பலசரக்குக் கடை நடத்துகிறவன் நான். யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள், மறுபடி வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் பிழைப்பு. அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் இரண்டு விதமான கூட்டம் உண்டு. கார்த்திகை பிறந்தால் சத்திரம், புல்மேடு வழியாகச் சபரிமலைக்குப் போகும் பக்தர்கள் வருவார்கள். மகரவிளக்கு நெருங்க நெருங்கத் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. நேந்திரங்காய் வறுவல், கற்பூரம், தண்ணீர் பாட்டில் எல்லாம் ஒரு நாளில் ஒரு மாத வியாபாரம் ஆகிவிடும். தை பிறந்து நாலாம் நாள் பார்த்தால் தெருவில் ஆள் இருக்காது. இது சீசன் கூட்டம். இன்னொன்று, லயத்து வீடுகளிலிருந்து வந்து வாரம் தவறாமல் அரிசியும் எண்ணெயும் வாங்கி, நோட்டில் பற்று எழுதச் சொல்லி, சம்பள நாளன்று வந்து வரவு வைக்கிற கூட்டம். முந்தியதைப் பார்த்து ஊர் வியக்கும். பிந்தியதை யாரும் போட்டோ எடுப்பதில்லை. ஆனால் கடை வாடகை கொடுப்பது அதுதான். மகளிர் விளையாட்டின் கணக்கையும் இந்த இரண்டு பேரேட்டில் பிரித்து எழுதினால்தான் விளங்கும் என்பது என் துணிபு.

இந்த எண்ணம் எனக்கு எங்கே உதித்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் கல்யாணமாகி மெல்போர்னில் இருக்கிறாள். 2025 ஜனவரி கடைசியில் அவள் வீட்டில் இருந்தபோது, ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் நடந்த மகளிர் டெஸ்ட் போட்டியின் இரண்டாம் நாள் ஆட்டத்துக்கு எங்களை அழைத்துப் போனாள். மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம் ஒரு லட்சம் பேர் உட்காரக்கூடிய இடம். பகலிரவு ஆட்டம், இளஞ்சிவப்புப் பந்து. இரவு விளக்கில் ஆட்டம் என்றதும் எனக்கு முதலில் வந்த கவலை சாப்பாடுதான். நாங்கள் அஸ்தமனத்துக்குப் பிறகு உண்பதில்லை. ஆனால் அந்த ஊர்க் கோடையில் சூரியன் இறங்க இரவு எட்டரை மணி ஆகிறது! மகள் கட்டிக் கொடுத்த தயிர் சாதத்தைச் சாவகாசமாக முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, அன்னபெல் சதர்லேண்ட் என்ற பெண் 163 ஓட்டம் எடுப்பதைப் பார்த்தேன். அந்த மைதானத்தில் டெஸ்ட் சதம் அடித்த முதல் பெண் அவர்தானாம். இங்கிலாந்துக்காரிகள் கேட்ச் மேல் கேட்சாக நழுவ விட்டார்கள். என் பக்கத்தில் ஒரு பாட்டி பேத்தியோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பந்தையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். நான் பற்று எழுதுவதைப் போலவே இருந்தது.

மூன்றே நாளில் ஆட்டம் முடிந்தது. மூன்று நாளும் சேர்த்து வந்தவர்கள் 35,365 பேர். பெண்கள் டெஸ்ட் போட்டி ஒன்றுக்கு அதுவரை இத்தனை பேர் வந்ததில்லை. இரண்டாம் நாள் ஆட்டம் முடிந்து வெளியே நடந்து வரும்போது மகள் சொன்னாள்: "அப்பா, ஒரு பொண்ணு ஆடுறதை நேர்ல பாக்க நீங்க வந்தது இதுதான் முதல் தடவை." எனக்கு உடனே புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. அவள் பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம் வாலிபால் ஆடியவள். ஒரு தடவைகூட நான் போனதில்லை. கடையை யார் பார்ப்பது என்று சொல்லியிருப்பேன். பத்தாம் வகுப்பில் அவள் நிறுத்திக்கொண்டபோது, ஏன் என்றும் கேட்கவில்லை. ஊர் திரும்பிய பின் இந்த விஷயத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

ஆஸ்திரேலியாவின் கதை

இன்று ஆஸ்திரேலியாவை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். அங்கேயும் இது நேற்று முளைத்ததல்ல. 1921 செப்டம்பரில் பிரிஸ்பேன் நகரின் காபா மைதானத்தில் பெண்கள் ஆடிய கால்பந்துப் போட்டிக்குச் சுமார் 10,000 பேர் வந்தார்கள். அதற்கு முந்திய டிசம்பரில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், டிக் கெர் என்ற தொழிற்சாலைப் பெண்களின் அணி ஆடிய ஆட்டத்துக்கு 53,000 பேர் திரண்டார்கள். ஆக, பெண்கள் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு நூறு வருஷத்துக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது. பிறகு என்ன நடந்தது? 1921 டிசம்பரில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களைப் பெண்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று தடை போட்டது. பெண் உடலுக்கு அந்த ஆட்டம் ஒவ்வாதாம். அந்தத் தடை நீங்க ஐம்பது வருஷம் ஆயிற்று. அந்த மனப்பான்மை கடல் கடந்து ஆஸ்திரேலியாவையும் பிடித்துக்கொண்டது. மைதானத்தைப் பூட்டிவிட்டுப் பிறகு ஆள் வரவில்லை என்று சொல்வது, கடைக்கதவை அடைத்துவிட்டு வியாபாரம் இல்லை என்று புலம்புவதற்குச் சமம்.

கிரிக்கெட்டில் உலகின் முதல் மகளிர் டெஸ்ட் 1934 டிசம்பரில் நடந்தது, அதுவும் பிரிஸ்பேனில்தான். அதன்பின் பல பத்தாண்டுகள் பெண்கள் சொந்தக் காசைச் செலவழித்து ஆடினார்கள். திருப்பம் என்று சொன்னால் 2015, 2017 ஆகிய ஆண்டுகளைச் சொல்ல வேண்டும். 2015-இல் மகளிர் பிக் பாஷ் லீக் தொடங்கியது. 2017 பிப்ரவரி 3-ஆம் தேதி ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் மகளிர் லீக் தொடங்கியது. முதல் ஆட்டம் கார்ல்டன், காலிங்வுட் அணிகளுக்கு இடையே. அனுமதி இலவசம். 24,568 பேர் உள்ளே போய், மைதானம் நிரம்பிக் கதவைச் சாத்த வேண்டியதாயிற்று. வெளியே நின்றவர்களிடம் லீக் தலைவரே வந்து மன்னிப்புக் கேட்டார். 2019-இல் அதே லீக்கின் இறுதிப் போட்டிக்கு அடிலெய்டில் 53,034 பேர்.

அடுத்து 2020 மார்ச் 8, மகளிர் தினம். மெல்போர்னில் டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், ஆஸ்திரேலியாவும் இந்தியாவும். 86,174 பேர். நமக்கு நல்ல நாளாக அமையவில்லை. அவர்கள் 184, நாம் 99. கடையில் டிவி வைத்திருந்தேன், பாதியிலேயே பார்த்தவர்கள் கலைந்துவிட்டார்கள். 2023-இல் மகளிர் கால்பந்து உலகக் கோப்பையை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து நடத்தின. ஆஸ்திரேலியாவின் முதல் ஆட்டத்துக்கு டிக்கெட் கேட்டவர்கள் அதிகமாகிவிட்டதால், சிட்னியிலேயே பெரிய அரங்கத்துக்கு மாற்றினார்கள். அங்கும் 75,784 பேர். போட்டி முழுவதும் சேர்த்து 19 லட்சத்து 78 ஆயிரத்துச் சொச்சம். 'மட்டில்டாஸ்' என்று செல்லமாக அழைக்கப்படும் அவர்கள் அணி அரையிறுதியில் இங்கிலாந்திடம் தோற்றதைத் தொலைக்காட்சியில் சராசரியாக 70 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். இடையில் வந்து எட்டிப் பார்த்தவர்களையும் சேர்த்தால் ஒரு கோடியே பத்து லட்சத்தைத் தாண்டும். அந்த நாட்டின் மொத்த ஜனத்தொகையே இரண்டரைக் கோடிக்குச் சற்று மேல்தான் என்பதை மனதில் கொள்க.

கேட்பதற்குப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் நான் சொன்ன அத்தனையும் மகரவிளக்குக் கணக்கு. பற்று நோட்டைத் திறந்தால் காட்சி வேறு. அந்த மகளிர் கால்பந்து லீக்கில் 2017-இல் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 6,000 பேருக்கு மேல் வந்தார்கள். சில ஆண்டுகளில் அது 3,000 அளவுக்கு இறங்கிவிட்டது. 2023, 2024, 2025 இறுதிப் போட்டிகளுக்குப் பன்னிரண்டாயிரம் சொச்சம்தான். "பார்த்தீர்களா, மோகம் தீர்ந்துவிட்டது" என்று சொல்பவர்கள் அந்த ஊரிலும் உண்டு.

நான் அப்படிக் கருதவில்லை. 2017-இல் எட்டு அணிகள். லீக் சுற்றில் 28 ஆட்டம். 2022-இல் அணிகள் பதினெட்டு, 90 ஆட்டம். சராசரி பாதியானாலும் மொத்தம் குறையவில்லை என்பதைப் பெருக்கிப் பார்த்தாலே தெரியும். ஒரு கடை இருந்த தெருவில் மூன்று கடை வந்தால் ஒவ்வொரு கடையிலும் கூட்டம் குறையத்தான் செய்யும். அதோடு, முதலில் இலவசம் என்றவர்கள் பிறகு பெரியவர்களுக்குக் கட்டணம் வைத்தார்கள். இலவசத்துக்கு வந்த ஆறாயிரமும் காசு கொடுத்து வந்த மூவாயிரமும் ஒன்றல்ல. தராசில் வைத்தால் பின்னது கனம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: ஆட்டக்காரிகள் தேறுவதற்குள் அணிகளை அவசரமாகப் பெருக்கிவிட்டார்கள் என்று அங்கேயே குறை சொல்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமலில்லை.

பிக் பாஷிலும் இப்படித்தான். ஆரம்பத்தில் ஆண்கள் ஆட்டத்துக்கு முன்னால் அதே மைதானத்தில் பெண்கள் ஆட்டத்தை வைத்தார்கள். ஆண்கள் ஆட்டத்துக்குச் சீக்கிரம் வந்தவர்களெல்லாம் கணக்கில் சேர்ந்துகொண்டார்கள். 2019-20 பருவத்திலிருந்து பெண்கள் லீக்கைத் தனிப் பருவமாகப் பிரித்தார்கள். சிறிய மைதானங்கள், எண்ணிக்கை சிறியது, ஆனால் வந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள் ஆட்டத்துக்கே வந்தவர்கள். பொங்கல் சாமானுக்கு வந்தவன் போகிற போக்கில் வாங்கிய தீப்பெட்டியைத் தீப்பெட்டி வியாபாரத்தின் வளர்ச்சி என்று எழுத முடியாதல்லவா?

திரளும் கூட்டம் தங்காமல் போனதற்கு அமெரிக்காவை உதாரணம் சொல்லலாம். 1999 ஜூலையில் மகளிர் கால்பந்து உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு 90,185 பேர் வந்தார்கள். அந்த உற்சாகத்தில் 2001-இல் லீக் தொடங்கினார்கள். 2003-இல் மூடிவிட்டார்கள். தொண்ணூறாயிரத்தைப் பார்த்து முதல் போட்டவர்கள், தினசரி வியாபாரத்துக்கு என்ன வழி என்று யோசிக்கவில்லை.

நம் வீட்டுக் கதை

அமெரிக்காவுக்குப் போவானேன், நம் கல்கத்தாவிலேயே உதாரணம் இருக்கிறது. 1997 டிசம்பர் 29, ஈடன் கார்டன்ஸ். மகளிர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். ஆடியவை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும். இந்தியா அரையிறுதியிலேயே வெளியேறிவிட்டது. ஆயினும் சுமார் 80,000 பேர் வந்ததாகப் பதிவாகியிருக்கிறது. அன்றைக்கு அது உலகமே வியக்க வேண்டிய எண்ணிக்கை. அதன்பின் நடந்தது என்ன? இந்தியாவில் மறுபடி உலகக் கோப்பை நடந்தது 2013-இல். மும்பை வான்கடே அரங்கில் ஆட்டங்கள் வைத்திருந்தார்கள். ரஞ்சிக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு அந்த இடம் வேண்டும் என்றதும் பெண்களை வேறு மைதானங்களுக்கு நகர்த்திவிட்டார்கள். உலகக் கோப்பையை உள்ளூர்ப் போட்டிக்காக நகர்த்தினார்கள்! அந்தத் தொடரில்தான் சென்னைப் பெண் திருஷ் காமினி, உலகக் கோப்பையில் சதமடித்த முதல் இந்தியப் பெண் என்ற பெயரை வாங்கினார். நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்? எனக்கே போன வருஷம்தான் தெரிந்தது.

இந்திய மகளிர் கிரிக்கெட்டுக்குத் தனிச் சங்கம் 1973-இல் அமைந்தது. முதல் டெஸ்ட் வெற்றி 1976-இல் பாட்னாவில், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக. அணித்தலைவி சாந்தா ரங்கசாமி சென்னையில் பிறந்தவர். 2006-இல்தான் அந்தச் சங்கம் ஆண்கள் வாரியத்தோடு இணைந்தது. மக்கள் கண்ணுக்கு அணி தென்பட ஆரம்பித்தது 2017-இல். ஹர்மன்பிரீத் கௌர் அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 171 ஓட்டம் குவித்தார். இறுதி ஆட்டத்தில் லார்ட்ஸ் மைதானத்தில் 9 ஓட்டத்தில் தோற்றோம். தோல்விதான், ஆனால் டிவியில் வந்தது. அதுதான் முக்கியம்.

இனி நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2018 மே 22 அன்று வான்கடேயில் ஆண்கள் ஐ.பி.எல். ஆட்டத்துக்கு முன்பாக மகளிருக்கென ஒரு காட்சிப் போட்டி வைத்தார்கள். அன்று செவ்வாய்க்கிழமை. மே மாத மும்பை வெயிலில் மத்தியானம். இருக்கைகள் காலியாகக் கிடந்தன. அதைக் காட்டிப் பெண்கள் லீக்குக்கு நேரம் இன்னும் வரவில்லை என்று பேசினார்கள். நாலரை ஆண்டு கழித்து, 2022 டிசம்பர் 11, ஞாயிறு மாலை, அதே மும்பைப் பக்கம், டி.ஒய். பாட்டீல் அரங்கம். இந்தியாவும் ஆஸ்திரேலியாவும். 47,000 பேர் வந்தார்கள். ஆட்டம் சமனாகி, சூப்பர் ஓவரில் இந்தியா ஜெயித்தது. அனுமதி இலவசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இலவசம் என்றாலும் செவ்வாய் மத்தியானம் யார் வருவார்கள்?

2023 மார்ச்சில் மகளிர் பிரீமியர் லீக் பிறந்தது. ஐந்து அணிகளையும் 4,670 கோடி ரூபாய்க்கு வாங்கினார்கள். ஒளிபரப்பு உரிமை ஐந்து ஆண்டுக்கு 951 கோடி. முதல் ஆண்டு பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் அனுமதி இலவசம். ஆண்களுக்கு 100 ரூபாய், 400 ரூபாய் டிக்கெட். கோடீஸ்வரர்கள் ஏன் இத்தனை பணம் போட்டார்கள் என்று என்னைக் கேட்டால் சொல்வேன். என் கடையில் எந்தச் சோப்பு, எந்த எண்ணெய் என்று தீர்மானிப்பது யார்? நோட்டு புருஷன் பேரில் இருக்கும், தீர்மானம் வீட்டுக்காரம்மாவுடையது. விளம்பரக்காரனுக்கு இது எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே தெரியும். ஆனாலும் அந்தப் பெண்ணை விளையாட்டரங்கில் உட்கார வைத்துப் பார்க்கலாம் என்பது அவனுக்கு இப்போதுதான் தோன்றியிருக்கிறது. ஊதிய விஷயத்தில் ஆஸ்திரேலிய கிரிக்கெட் 2017 ஒப்பந்தத்தில் பெண்களையும் வருமானப் பங்கில் சேர்த்தது. நம் வாரியம் 2022 அக்டோபரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே ஆட்டக் கட்டணம் என்று அறிவித்தது. டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், டி20-க்கு 3 லட்சம். ஆண்டு ஒப்பந்தத்தில் அப்போது இந்தச் சமத்துவம் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பிறகு 2025. உலகக் கோப்பை நம் நாட்டில். பெங்களூரில் நடக்க வேண்டிய ஆட்டங்கள் நவி மும்பைக்கு மாறின. ஜூன் 4-ஆம் தேதி பெங்களூர் சின்னசாமி அரங்க வாசலில், ஆண்கள் அணியின் வெற்றி விழாவில் நெரிசலில் சிக்கி 11 பேர் இறந்ததுதான் காரணம். 2011 ஜனவரியில் புல்மேட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட பக்தர்கள் நெரிசலில் மாண்டதைக் கண்முன் கண்ட ஊர் எங்களுடையது. கூட்டம் சேர்ப்பது பெரிதல்ல, அதைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்புவதுதான் காரியம். வாசல் அகலமாக இருக்க வேண்டும் என்பதைக் கூட்டம் பெருகிய பிறகு யோசிக்கக் கூடாது.

அரையிறுதியில் ஆஸ்திரேலியா வைத்த 339 இலக்கை ஜெமிமா ரோட்ரிக்ஸ் ஆட்டமிழக்காமல் 127 எடுத்து எட்ட வைத்தார். நவம்பர் 2 இறுதி ஆட்டம். மழையால் தாமதமாகி மாலை ஐந்து மணிக்குத் தொடங்கியது. நான் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்து டிவி முன் உட்கார்ந்தேன், எழுந்தபோது நள்ளிரவு. இந்தியா 298, தென்னாப்பிரிக்கா 246. அரங்கில் 39,555 பேர். டிக்கெட் வைத்திருந்தார்கள், ஆக இலவசக் கூட்டமல்ல. இணையத்தில் பார்த்தவர்கள் 18 கோடியே 50 லட்சம் என்று சர்வதேசக் கவுன்சில் கணக்குச் சொன்னது. மறுநாள் திங்கட்கிழமை காலையில் கொழுந்து பறிக்கப் போகிற வழியில் ஒரு அம்மாள் கடை வாசலில் நின்று, "மொதலாளி, நம்ம பிள்ளைக ஜெயிச்சிட்டாகளாமே!" என்றார். 1983-இல் கபில்தேவ் ஜெயித்தபோது லயத்துப் பெண் யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் கால்பந்தில் நாம் செய்த கூத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. மதுரையின் சேது எஃப்.சி. அணி 2019-இல் இந்திய மகளிர் லீக்கின் சாம்பியன். எங்கே ஜெயித்தார்கள் தெரியுமா? பஞ்சாபின் லூதியானாவில். அந்த லீக்கை வருஷம் ஓர் ஊரில் கொண்டுபோய்க் கூடாரம் அடித்து முடித்துவிடுவார்கள். ஷில்லாங், லூதியானா, பெங்களூர், புவனேஸ்வரம், அகமதாபாத் என்று. மதுரை அணி மதுரைக்காரன் கண்ணில் படாமலேயே கோப்பை வாங்கியது. கேரளத்தின் கோகுலம் அணி மூன்று முறை சாம்பியன்; அவர்களும் அப்படியே. சொந்த ஊர், எதிரி ஊர் என்று மாறி மாறி ஆடும் முறை 2023-24 பருவத்தில்தான் வந்தது. ஊருக்குள் கடையே திறக்காமல் வாடிக்கையாளர் எங்கிருந்து வருவார்?

வந்தவாசி வட்டத்து வேடல் ஊரில், கல்வெட்டு விடால் என்று சொல்லும் ஊரில், ஒன்பதாம் நூற்றாண்டுச் சாசனம் ஒன்று உண்டு. முதலாம் ஆதித்த சோழன் காலத்தது. கனகவீரக் குரத்தியார் என்ற பெண் ஆசிரியரும் அவருடைய ஐந்நூறு மாணவியரும் வேறொரு தரப்போடு ஏற்பட்ட பிணக்கில் இருந்தபோது, ஊரார் அவர்களைக் காத்துச் சோறிடுவதாக ஏற்றுக்கொண்டதை அது சொல்கிறது. அந்தச் சாசனத்தை முப்பது வருஷமாக நான் சமயச் செய்தியாக மட்டுமே படித்துவந்தேன். மெல்போர்னிலிருந்து வந்த பின் மறுபடி படித்தபோது, என் கண் ஐந்நூறு மாணவியர் என்ற எண்ணில் நிற்கவில்லை. சோறிட ஒப்புக்கொண்ட ஊராரிடம் போய் நின்றது.

வண்டிப்பெரியார் மைதானத்தில்

எங்கள் இடுக்கி மாவட்டம் பெண் விளையாட்டு வீரர்களுக்குப் பேர்போனது. ஒலிம்பிக் அரையிறுதி வரை ஓடிய முதல் இந்தியப் பெண் ஷைனி வில்சன், கே.எம். பீனாமோள், 2010 ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டர் தங்கம் வென்ற பிரீஜா ஸ்ரீதரன் எல்லோரும் இந்த மலைக்காரர்களே. கிரிக்கெட்டில் எங்களைப் போலவே தேயிலை விளையும் வயநாடு முந்திக்கொண்டது. அங்கிருந்து வந்த மின்னு மணி 2023-இல் இந்தியாவுக்கு ஆடிய முதல் கேரளப் பெண்ணானார். அதே வயநாட்டின் சஜனா சஜீவன் 2024 மகளிர் பிரீமியர் லீக்கின் முதல் ஆட்டத்தில், கடைசிப் பந்தில் ஐந்து ஓட்டம் தேவை என்றிருந்தபோது சிக்ஸர் அடித்து மும்பையை ஜெயிக்க வைத்தார். ஆட வல்லவர்கள் எப்போதும் இருந்தார்கள். பார்க்கத்தான் ஆள் போகவில்லை. என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

சில வருஷத்துக்கு முன் எங்கள் பக்கத்தில் ஒரு எஸ்டேட் மைதானத்தில் போட்டி நடத்தியவர்கள், பெண் பிள்ளைகளுக்கும் ஒரு கால்பந்து ஆட்டம் வைத்தார்கள். எப்போது? வேலை நாள், காலை பதினொரு மணி. தாய்மாரெல்லாம் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறார்கள். பார்த்தவர்கள் பத்து இருபது பேர், அதில் பாதி பேர் அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருந்த பையன்கள். மறுவருஷம் பெண்கள் ஆட்டத்தை எடுத்துவிட்டார்கள். "அண்ணாச்சி, ஆளு வரூல்லா" என்று அமைப்பாளர் ஒருவர் என்னிடம் சொன்னார். நன்கொடை கொடுக்கிறவன் என்ற முறையில் நான் அப்போது தலையாட்டினேன். கொடுத்த பணம் ஆயிரம் ரூபாய், கேட்ட கேள்வி ஒன்றுமில்லை.

2025 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் இந்தியாவும் இலங்கையும் மூன்று மகளிர் டி20 ஆட்டங்கள் ஆடின. எங்கள் ஊரிலிருந்து ஒரு குடும்பம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. அந்தச் சிறுமி வந்து கடையில் கதை சொன்ன விதத்தைக் கேட்டபின், இந்தத் தடவை அமைப்பாளர்களிடம் போய் உட்கார்ந்தேன். பெண்கள் ஆட்டத்துக்கும் சேர்த்து நன்கொடை தருகிறேன், ஆனால் நேரத்தை நான் சொல்வேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை. காலை ஆகாது, துணி துவைப்பு, கோயில், சர்ச், கடைத்தெரு என்று இருக்கும். ஐந்தரைக்கு மேல் மஞ்சு இறங்கிவிடும், பந்து தெரியாது. ஆகவே மூன்றரை மணி. அதோடு இன்னொன்று கேட்டேன். அந்த மைதானத்தில் பெண்கள் ஒதுங்க இடமில்லை. ஆண்கள் தேயிலைச் செடிக்குப் பின்னால் போய்விடுவார்கள், பெண்கள் என்ன செய்வார்கள்? இரண்டு மணி நேரம் எப்படி நிற்பார்கள்? மெல்போர்ன் அரங்கில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் எது என்று கேட்ட மருமகனிடம் கழிப்பறை என்று சொன்னேன், சிரித்தார். மைதானத்தை ஒட்டியிருக்கும் என் குடோனைத் திறந்து, பின்கட்டுக் கழிப்பறைக்கு விளக்குப் போட்டுக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

அமைப்பாளர்கள் ஒப்புக்கொண்டார்கள், அரை மனதோடுதான். ஆண்கள் இறுதி ஆட்டத்துக்கு முன்னால் அதே நாளில் வைத்தால் கூட்டம் தானாக இருக்குமே என்றார்கள். வேண்டாம், தனி நாளாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். வருகிறவர்கள் எத்தனை பேரானாலும் அவர்கள் இதற்கென்றே வந்தவர்களாக இருக்க வேண்டும். அன்றைக்குக் கடை அரை நாள் அடைப்பு. போன வாரம் மகளிடம் போனில் இதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "வாலிபால் வைக்கலையாப்பா?" என்று கேட்டாள். வலை கட்டக் கம்பம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறேன்.